20 ஆட்டங்களில் 15 வெற்றி: மைனர் லீக் பேஸ்பால் அணியின் அமர்க்களமான தொடக்கத்தை எப்படி எடைபோடுவது?

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் பருவம் தொடங்கி முதல் 20 ஆட்டங்கள் முடியும் நேரத்தில், 15 வெற்றி 5 தோல்வி என்ற கணக்கில் நிற்கும் அணி அநேகமாக ஒன்றாவது இருக்கும். உள்ளூர்ச் செய்திகள் அதைக் கொண்டாடும். புதிதாகப் பார்க்கத் தொடங்கிய ரசிகருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: இந்த அணி நிஜமாகவே இவ்வளவு வலுவானதா, இல்லை சில வாரங்களில் அடங்கிவிடுமா?

மைனர் லீக்கில் நல்ல தொடக்கம் என்பது அணியின் உண்மையான பலத்தைப் பற்றி மேஜர் லீக்கைவிடக் குறைவாகவே சொல்கிறது. ஆனால் அந்தத் தொடக்கத்தால் கிடைக்கும் பலன் மேஜர் லீக்கைவிட அதிகம். முரண்பாடுபோலத் தெரியும் இந்த இரண்டுக்கும் காரணம் மைனர் லீக் நடத்தப்படும் விதம்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் அமைப்பு

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் ஒவ்வொரு கிளை அணி உண்டு: மேலிருந்து கீழாக ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. ஆக மொத்தம் 120 அணிகள். 2021இல் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீக்கைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, அதற்கு முன்பு 160 ஆக இருந்த எண்ணிக்கை இப்படிக் குறைந்தது.

ட்ரிபிள்-ஏ அணி ஒரு பருவத்தில் 150 ஆட்டங்கள் ஆடும். டபுள்-ஏவில் 138. கீழே உள்ள இரண்டு படிகளிலும் 132.

வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் தருவது மேலே இருக்கும் மேஜர் லீக் அணி, அதாவது தாய் அணி. யார் எந்தப் படியில் ஆட வேண்டும், பிட்ச்சர் ஒருவர் இன்று எத்தனை பந்து வீசலாம், எந்த இளைஞரை எந்த இடத்தில் நிறுத்திப் பழக்க வேண்டும் என்பதையும் தாய் அணியே முடிவுசெய்கிறது. மைதானத்தை நடத்துவது, டிக்கெட் விற்பது, ஊரைக் கூட்டி வருவது ஆகியவைதான் உள்ளூர் உரிமையாளரின் வேலை. மைனர் லீக் மேலாளருக்கு வெற்றி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை வீரர்களை வளர்ப்பது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை இருக்கும்போது அணியின் சிறந்த பிட்ச்சரை இறக்காமல், அன்று வீச வேண்டியவர் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவரை இறக்குவது அங்கே சாதாரணம். ஆறு இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துவிட்டு, ஓடிச் சேர வேண்டிய நிலையான பேஸைப் பத்திரமாக எட்டுவது) கொடுக்காத பிட்ச்சரைப் பந்து எண்ணிக்கை முடிந்தது என்று வெளியே எடுப்பதும் அப்படித்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நெருக்கமான ஆட்டங்களை வெல்லும் கருவிகள் பலவும் மைனர் லீக் மேலாளரின் கையில் முழுமையாக இல்லை. அதனால் ஒரு ரன் வித்தியாசத்தில் கிடைத்த வெற்றிகளை வைத்து ஓர் அணியின் பலத்தை அளப்பது மேஜர் லீக்கில் எவ்வளவு ஆபத்தோ, இங்கே அதைவிட ஆபத்து. 2018 முதல் மைனர் லீக்கில் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாவது பேஸில் ஏற்கெனவே ஒரு ஓட்டக்காரர் நிற்கும் நிலையில்தான் தொடங்குகிறது. ஒன்பது இன்னிங்ஸில் சமமாக முடிந்த ஆட்டம், ஒரு பந்தில் எந்தப் பக்கமும் சாயலாம்.

20 ஆட்டம், மூன்றே எதிரணிகள்

தொடக்கத்தைக் கணிக்கும்போது பலரும் கவனிக்கத் தவறும் விஷயம் கால அட்டவணை. 2021 முதல் மைனர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஆறு ஆட்டத் தொடர்களாக நடக்கின்றன. செவ்வாயன்று தொடங்கி ஞாயிறு வரை ஒரே ஊரில், ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள். திங்கள் ஓய்வும் பயணமும். பேருந்துப் பயணத்தையும் செலவையும் குறைக்க வந்த ஏற்பாடு இது. வீரர்களுக்கு நல்லதே செய்திருக்கிறது.

ஆனால் 18 ஆட்டங்கள் முடிந்தபோது அந்த அணி சந்தித்திருப்பது மூன்றே மூன்று எதிரணிகளை. ஹை-ஏ படியில் உள்ள மிட்வெஸ்ட் லீக்கில் 12 அணிகள் இருக்கின்றன. ஏப்ரல் முழுக்க ஆடினாலும் அதில் நான்கு அணிகளைப் பார்த்திருந்தால் அதிகம். அந்த நான்கில் இரண்டு பலவீனமாக அமைந்துவிட்டால், 15-5 என்பது அந்த இரண்டு அணிகளைப் பற்றிய செய்தியாகத்தான் இருக்கும்.

தொடர் முறைக்கு இன்னொரு விளைவும் உண்டு. தொடக்கப் பிட்ச்சர்கள் பொதுவாக வாரத்துக்கு ஒருமுறை வீசுகிறார்கள். எதிரணியின் ஆறு தொடக்கப் பிட்ச்சர்களையும் ஒரே வாரத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அந்த வாரத்தில் அவர்களுடைய சிறந்தவர் காயத்தில் இருந்தாலோ, முந்தைய நாள் மேல் படிக்கு அனுப்பப்பட்டிருந்தாலோ, அந்த ஒரு சந்தர்ப்பம் ஆறு ஆட்டங்களுக்கும் பலன் தரும். ஆறில் ஐந்து வென்ற ஒரு தொடர், ஐந்து தனித்தனி அணிகளை வென்றதற்குச் சமமாகாது.

ஆகவே 15-5ஐப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதைத் தொடர்வாரியாகப் பிரிப்பது. 6-0, 5-1, 3-3, 1-1 என்று வந்தால், முதல் இரண்டு எதிரணிகள் மற்றவர்களிடம் எப்படி ஆடியிருக்கின்றன என்று பாருங்கள். அவை எல்லாரிடமும் தோற்றுக்கொண்டிருந்தால் 11-1 என்ற பகுதியைப் பாதி மதிப்புக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். 4-2, 5-1, 4-2, 2-0 என்று சீராக வந்திருந்தால் அது கூடுதல் நம்பிக்கை தரும். சொந்த ஊரில் எத்தனை தொடர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நான்கில் மூன்று தொடர் சொந்த மைதானத்தில் அமைந்துவிடும் ஏப்ரல் மாதங்களும் உண்டு.

மழையையும் குளிரையும் மறந்துவிடக் கூடாது. மிச்சிகன், விஸ்கான்சின் பக்கம் ஏப்ரலில் ஆட்டங்கள் தள்ளிப்போவது வழக்கம். தள்ளிப்போன ஆட்டத்தை அதே தொடருக்குள் இரட்டை ஆட்டமாக ஆடுவார்கள். மைனர் லீக்கில் இரட்டை ஆட்டம் என்றால் ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்தான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அடித்த பந்து அதில் தூரம் போகாது. பிட்ச்சிங் பலமான அணிக்கு ஏப்ரல் உதவும். ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்ஸர்போலப் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பது) நம்பியிருக்கும் அணி ஜூனில் எழுந்து நிற்கும்.

அதிர்ஷ்டம் எவ்வளவு?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 120 அணிகளும் துல்லியமாகச் சம பலம் உடையவை, ஒவ்வொரு ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தாலும் 20 ஆட்டங்களில் 15 அல்லது அதற்கு மேல் ஓர் அணி வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.1 சதவீதம். 120 அணிகளில் அது இரண்டு அல்லது மூன்று அணிகள். 14 அல்லது அதற்கு மேல் என்று பார்த்தால் வாய்ப்பு 5.8 சதவீதம், ஏழு அணிகள். அதாவது திறமையில் எந்த வேறுபாடும் இல்லாத உலகத்திலேயே ஒவ்வொரு ஆண்டும் ஏழு ஊர்களில் அமர்க்களமான தொடக்கம் நடந்திருக்கும்.

நிஜ உலகில் அணிகள் சமமல்ல. 15-5 அணி சராசரியைவிட நல்ல அணியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் .750 என்ற வெற்றி விகிதம் அதன் உண்மையான தரம் அல்ல. எவ்வளவு குறைத்து மதிப்பிடுவது என்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஆடிய ஆட்டங்களோடு, 50-50 என முடியும் கற்பனை ஆட்டங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேஜர் லீக் கணக்குகளில் பொதுவாகச் சேர்ப்பது ஏறத்தாழ 70 ஆட்டங்கள், அதாவது 35 வெற்றி, 35 தோல்வி. 15-5 உடன் அதைச் சேர்த்தால் 50-40, விகிதம் .556.

132 ஆட்டங்கள் உள்ள படியில் முதல் பாதி ஏறத்தாழ 66 ஆட்டங்கள். மீதமுள்ள 46இல் .556 என்ற கணக்கில் 25 அல்லது 26 வெற்றி வரும். முன்பு வென்ற 15ஐச் சேர்த்தால் 40 அல்லது 41. மிக நல்ல பாதிப் பருவம்தான், ஆனால் .750ஐ அப்படியே நீட்டினால் வரும் 50 வெற்றியிலிருந்து வெகு தூரம்.

இப்படிக் குறைத்து மதிப்பிடுவது அணியை அவமதிப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். பேஸ்பால் வரலாறு இதற்கு நல்ல சான்று வைத்திருக்கிறது. மேஜர் லீக்கில் 1984ஆம் ஆண்டு டெட்ராய்ட் டைகர்ஸ் 35-5 எனத் தொடங்கியது. அந்த அணி 104 ஆட்டங்கள் வென்று, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் வென்றது. முதல் 40 ஆட்டங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மீதிப் பருவத்தில் அதன் கணக்கு 69-53, விகிதம் .566. சாம்பியன் அணியே இவ்வளவு இறங்கியது. 1987ஆம் ஆண்டு மில்வாக்கி ப்ரூவர்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. மே மாதத்தில் தொடர்ச்சியாக 12 ஆட்டங்கள் தோற்றது. 91-71 என முடித்து, அடுத்த சுற்றுக்கே போகவில்லை. இவை ஒரே வீரர் குழுவைப் பருவம் முழுக்கக் கையில் வைத்திருந்த அணிகள். மைனர் லீக்கில் அந்த வசதியும் கிடையாது.

வெற்றியைவிட ரன் வித்தியாசம் பேசும்

நம் வாசகர்களுக்குக் கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட் பழக்கம். பேஸ்பாலில் அதற்கு இணையானது ரன் வித்தியாசம்: எடுத்த ரன்னிலிருந்து கொடுத்த ரன்னைக் கழிப்பது. கிரிக்கெட்டில் அது சமநிலையை உடைக்க மட்டுமே பயன்படுகிறது. பேஸ்பாலில் அதைவிடப் பெரிய வேலை செய்கிறது. ஓர் அணி இனிமேல் எப்படி ஆடும் என்பதை, இதுவரையிலான வெற்றி எண்ணிக்கையைவிட ரன் வித்தியாசம் நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் ஆய்வாளர் வகுத்த சூத்திரம் இது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன் வர்க்கம், கொடுத்த ரன் வர்க்கம் இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வர்க்கத்துக்குப் பதில் 1.83 என்ற அடுக்கைப் போட்டால் இன்னும் சற்றுத் துல்லியம். தொடக்கநிலை ரசிகருக்கு வர்க்கமே போதும்.

நம் உதாரண அணி 20 ஆட்டங்களில் 104 ரன் எடுத்து 80 ரன் கொடுத்திருக்கிறது என்று வைப்போம். 104இன் வர்க்கம் 10,816. 80இன் வர்க்கம் 6,400. 10,816ஐ 17,216ஆல் வகுத்தால் .628. அப்படியானால் 20 ஆட்டங்களில் எதிர்பார்த்திருக்க வேண்டிய வெற்றி 12.6. கையில் இருப்பது 15. இடையில் உள்ள இரண்டு சொச்சம் வெற்றி, ஒரு ரன் ஆட்டங்களிலும் கூடுதல் இன்னிங்ஸிலும் சாதகமாக விழுந்தவை. திரும்ப வரும் என்று அவற்றை எண்ணிவிடக் கூடாது.

இந்தச் சூத்திரத்தை மைனர் லீக்கில் பயன்படுத்தும்போது இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, ஒருசார்பாக முடிந்த ஆட்டங்கள். கீழ்ப் படிகளில் 19 வயதுப் பிட்ச்சர் ஒருவர் கட்டுப்பாட்டை இழந்து அடுத்தடுத்து வாக் (தவறான பந்து நான்கு வீசியதால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தால், ஒரே இன்னிங்ஸில் ஒன்பது ரன் போய்விடும். 18-2 என்று முடிந்த ஓர் ஆட்டம் 20 ஆட்டங்களின் ரன் வித்தியாசத்தையே வீங்கவைக்கும். அதனால் மிகப் பெரிய வெற்றி ஒன்றையும் மிகப் பெரிய தோல்வி ஒன்றையும் நீக்கிவிட்டு மறுபடி ஒருமுறை கணக்கிடுங்கள். விடை பெரிதாக மாறாவிட்டால்தான் அதை நம்பலாம்.

இரண்டாவது, மைதானத்தின் உயரம். ட்ரிபிள்-ஏவில் உள்ள பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகெர்கி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ரீனோ, சால்ட் லேக் மைதானங்களும் உயரத்தில்தான். அங்கே காற்று மெலிது. அடித்த பந்து தூரம் போகும், பிட்ச்சர் வீசும் வளைபந்தும் முழுதாக வளையாது. 9-7, 11-8 என்ற கணக்குகள் அங்கே சகஜம். அப்படிப்பட்ட லீக்கில் 24 ரன் வித்தியாசம், 4-3 என்று முடியும் லீக்கில் உள்ள 24 ரன் வித்தியாசத்தைவிட மலிவானது. சூத்திரம் வர்க்க விகிதத்தில் ஓடுவதால் இதைத் தானாகவே ஓரளவு சரிசெய்துவிடும். வெறும் கழித்தல் கணக்கு செய்யாது.

ஆடுபவர்கள் யார்?

வெற்றி, ரன் இரண்டையும் தாண்டி, அவற்றை உண்டாக்கும் வீரர்களிடம் போக வேண்டும். ஏப்ரலில் .350 என்ற சராசரியில் (ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தால் வருவது) அடிக்கும் பேட்டர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய எண்ணில் எவ்வளவு நிலைக்கும்?

அடித்த பந்து ஹோம் ரன்னாக இல்லாமல் களத்துக்குள் விழும்போது, அது ஹிட் ஆகுமா அவுட் ஆகுமா என்பதில் பேட்டரின் திறமையோடு தடுப்பாளர் நின்ற இடமும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கின்றன. களத்துக்குள் விழும் பந்துகளில் ஹிட் ஆகும் விகிதம் மேஜர் லீக்கில் நீண்ட காலமாக .300ஐ ஒட்டியே இருக்கிறது. மைனரில், குறிப்பாகத் தடுப்பாட்டம் இன்னும் பழகாத கீழ்ப் படிகளில், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கணக்கிடும் முறை: ஹிட்டிலிருந்து ஹோம் ரன்னைக் கழித்துக்கொள்ளுங்கள். மொத்த அட்-பேட்டிலிருந்து (வாக் போன்றவை நீங்கலாகப் பேட் பிடித்த முறைகள்) ஸ்ட்ரைக்அவுட்டையும் (பந்தைத் தவறவிட்டு மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) ஹோம் ரன்னையும் கழித்து, சாக்ரிஃபைஸ் ஃப்ளையைக் (உயர அடித்துக் கேட்ச் ஆனாலும் சக வீரர் ரன் எடுக்க உதவும் அடி) கூட்டுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்.

ஓர் உதாரணப் பேட்டரைப் பார்ப்போம்: 80 அட்-பேட், 28 ஹிட், அதில் 3 ஹோம் ரன், 20 ஸ்ட்ரைக்அவுட், 1 சாக்ரிஃபைஸ் ஃப்ளை. அவருடைய சராசரி .350. களத்துக்குள் விழுந்த பந்துகள் 58; அதில் ஹிட் 25; விகிதம் .431. யாராலும் இதைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. அது .320க்கு இறங்கினால் 58இல் 18 அல்லது 19 ஹிட்; ஹோம் ரன் மூன்றைச் சேர்த்து 80ஆல் வகுத்தால் .270 சராசரி. அதே பேட்டர், அதே அடி, அதே கண்பார்வை. பந்து விழும் இடம் மட்டும்தான் மாறியது. ஒரே அணியில் மூன்று நான்கு பேர் .400க்கு மேல் இப்படி நின்றால், மே மாதத்தில் அந்த அணியின் ரன் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இதற்கு மாறாக, ஏப்ரலிலேயே நம்பத்தக்க எண்கள் சில உண்டு. பேட்டரின் ஸ்ட்ரைக்அவுட் விகிதம் ஏறத்தாழ 60 முறை பேட் பிடித்ததுமே பொருள் தரத் தொடங்குகிறது. வாக் விகிதத்துக்கு 120 முறை வேண்டும். பிட்ச்சர் தரப்பில் 70 பேட்டர்களை எதிர்கொண்டதும் ஸ்ட்ரைக்அவுட் விகிதத்தைக் கவனிக்கலாம். போன ஆண்டு நான்கில் ஒருமுறை ஸ்ட்ரைக்அவுட் ஆனவர் இந்த ஏப்ரலில் ஏழில் ஒருமுறைதான் ஆகிறார் என்றால், அது உண்மையான முன்னேற்றமாக இருக்க நல்ல வாய்ப்பு. .350 சராசரியைவிட இந்தச் செய்திக்குத்தான் தாய் அணியின் அலுவலகத்தில் மதிப்பு.

பிட்ச்சர்களுக்கும் இதே பார்வை. 24 இன்னிங்ஸில் 4 ரன் மட்டும் கொடுத்தவரின் இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, 1.50. ஆனால் 18 ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 12 வாக், 1 ஹோம் ரன், ஒரு பேட்டர்மீது பந்து பட்டது என்றால் நிலைமை வேறு. தடுப்பாளர்களின் பங்கை விலக்கிவிட்டுப் பிட்ச்சரை மட்டும் அளக்கும் எஃப்.ஐ.பி. என்ற கணக்கில், ஹோம் ரன்னை 13ஆலும், வாக்கையும் மேலே பட்ட பந்தையும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக்அவுட்டின் இரண்டு மடங்கைக் கழித்து, இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். 13, 39 இரண்டையும் கூட்டி 36ஐக் கழித்தால் 16. 24ஆல் வகுத்தால் 0.67. லீக்குக்கு ஏற்ப மாறும் மாறிலி ஒன்றை, ஏறத்தாழ 3.15 என்று எடுத்துக் கூட்டினால் 3.8. வாக்கில் பேஸுக்குப் போனவர்கள், அடுத்த பேட்டர் அடித்த பந்தில் இரட்டை அவுட்டில் (ஒரே அடியில் இருவர் அவுட்) வெளியேறியதால் தப்பித்தவர் இவர்.

வயதையும் பாருங்கள், தயவுசெய்து. இதை விட்டுவிட்டு மைனர் லீக் எண்களைப் பேசுவதில் அர்த்தமே இல்லை. ஹை-ஏவில் ஆடுபவர்களின் வயது பொதுவாக 22ஐ ஒட்டி இருக்கும். 24, 25 வயதில் அங்கே இருப்பவர், 20 வயதுப் பிட்ச்சர்களை அடிப்பது ஆச்சரியமல்ல. வயது கூடிய வீரர்கள் நிறைந்த அணி கீழ்ப் படியில் வேகமாகத் தொடங்கும். வெற்றி உண்மையானதுதான், ஆனால் வருங்கால நட்சத்திரங்களுக்கு அது சான்றல்ல. 1987இல் பயனியர் லீக்கில் சால்ட் லேக் சிட்டி ட்ராப்பர்ஸ் தொடர்ச்சியாக 29 ஆட்டங்கள் வென்றது. தொழில்முறை பேஸ்பாலில் அது சாதனை. எந்தத் தாய் அணியும் இல்லாமல், டிராஃப்டில் (மேஜர் லீக் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) யாரும் எடுக்காத வீரர்களை வைத்துக் கட்டிய அணி அது. மேல் படிக்கு யாரையும் பறிகொடுக்க வேண்டிய நிலை அந்த அணிக்கு இல்லை என்பதையும் சேர்த்தே அந்தச் சாதனையைப் பார்க்க வேண்டும்.

வெற்றியே அணியைக் கலைக்கும்

கிளை அணிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நன்றாக ஆடுபவர் மேலே போவார். ட்ரிபிள்-ஏவிலும் டபுள்-ஏவிலும் ஆட்டத்துக்குத் தயாராக 28 பேர், கீழ்ப் படிகளில் 30 பேர் என்பது வரம்பு. தாய் அணியில் ஒருவருக்குத் தசை பிடித்தால் ட்ரிபிள்-ஏவிலிருந்து ஒருவர் போவார். அந்த இடத்துக்கு டபுள்-ஏவிலிருந்து ஒருவர். இப்படியே கடைசிப் படி வரை ஒரு வாரத்துக்குள் நான்கு அணிகளின் அமைப்பு மாறிவிடும். எதிர்த்திசையிலும் நடக்கும்: காயத்திலிருந்து மீளும் மேஜர் லீக் வீரர் பயிற்சிக்காகக் கீழே வந்து ஆடுவார். பேட்டர்களுக்கு 20 நாள், பிட்ச்சர்களுக்கு 30 நாள் வரை அனுமதி. அப்படி வந்தவர் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்திருந்தால் அதையும் 15-5இலிருந்து மனத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

எனவே மே மாத நடுவில் பார்க்க வேண்டியது புள்ளிவிவரத்தைவிட வீரர் மாற்ற அறிவிப்புகளை. தொடக்கத்தில் ஆடிய ஒன்பது பேட்டர்களில் எத்தனை பேர், ஆறு தொடக்கப் பிட்ச்சர்களில் எத்தனை பேர் இன்னும் அதே அணியில் இருக்கிறார்கள்? பாதிக்கு மேல் போய்விட்டிருந்தால், ஏப்ரல் கணக்கு வேறோர் அணியுடையது. அந்த நிலையில் கீழ்ப் படியில் இருக்கும் கிளை எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். அடுத்து வரப்போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதை நன்றாகத் தாங்கி நின்ற அண்மைக்கால அணி, 2025ஆம் ஆண்டின் வெஸ்ட் மிச்சிகன் வைட்கேப்ஸ். கிராண்ட் ரேபிட்ஸ் நகரை ஒட்டிய காம்ஸ்டாக் பார்க்கில் ஆடும், டெட்ராய்ட் டைகர்ஸின் ஹை-ஏ கிளை. 2023 டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்ட மேக்ஸ் கிளார்க்கும், அதே டிராஃப்டில் 37ஆவதாக எடுக்கப்பட்ட கெவின் மெக்கோனிகிளும் அந்த அணியின் பெரிய பெயர்கள். அணி முதல் பாதியை வென்றது. ஜூலையில் இருவரும் டபுள்-ஏ கிளையான ஈரிக்கு உயர்த்தப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அணி வென்றுகொண்டே போனது. 90க்கும் மேல் வெற்றிகளோடு பருவத்தை முடித்து மிட்வெஸ்ட் லீக் சாம்பியன் ஆனது. இரண்டு நட்சத்திரங்களைத் தாண்டிப் பிட்ச்சிங்கிலும் அணியின் ஆழத்திலும் பலம் இருந்ததால்தான் அது முடிந்தது. இப்படி நடப்பது அபூர்வம் என்பதாலேயே அந்தப் பருவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நல்ல தொடக்கத்தால் என்ன பயன்?

நிறையப் பயன். மைனர் லீக் பருவம் இரண்டு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் பாதி ஜூன் பிற்பகுதியில் முடியும். டபுள்-ஏவிலும் அதற்குக் கீழேயும் பெரும்பாலான லீக்குகளில், முதல் பாதியில் தன் பிரிவை வென்ற அணிக்குச் செப்டம்பர் இறுதிச் சுற்றில் இடம் உறுதி. இரண்டாம் பாதியில் அது கடைசி இடத்துக்கு வந்தாலும் அந்த இடம் பறிபோகாது. ட்ரிபிள்-ஏவில் லீக்கின் முதல் பாதி வெற்றியாளரும் இரண்டாம் பாதி வெற்றியாளரும் மோதுவார்கள்.

மேஜர் லீக்கில் 162 ஆட்டங்களில் 20 என்பது எட்டில் ஒரு பங்கு. மைனர் லீக்கின் கீழ்ப் படியில் முதல் பாதியின் 66இல் 20 என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதிர்ஷ்டத்தால் வந்த வெற்றியும் பட்டியலில் வெற்றிதான். அதை யாரும் திரும்பக் கேட்பதில்லை. ஐந்து ஆட்ட முன்னிலையோடு மே மாதத்துக்குள் நுழையும் அணி, அதன்பிறகு சராசரியாக ஆடினாலே பட்டத்துக்குப் போட்டியில் இருக்கும்.

முன்னிலையைக் கணக்கிடுவது எளிது. இரு அணிகளின் வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 15-5 அணிக்கும் 11-9 அணிக்கும் இடையே நான்கு ஆட்டம். ஜூனில் பயன்படும் இன்னொரு கணக்கு, பட்டத்தை உறுதிசெய்ய இன்னும் எத்தனை வேண்டும் என்பது: பாதியின் மொத்த ஆட்டங்களோடு ஒன்றைக் கூட்டி, முதலிடத்தின் வெற்றிகளையும் இரண்டாமிடத்தின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். 66 ஆட்டப் பாதியில் முதலிடம் 40-18, இரண்டாமிடம் 35-23 என்றால், 67இலிருந்து 40ஐயும் 23ஐயும் கழிக்க 4. முதலிடத்தின் வெற்றிகளும் இரண்டாமிடத்தின் தோல்விகளும் சேர்ந்து நான்கு வந்தால் போதும். மழையால் ரத்தாகி மறுபடி ஆடப்படாத ஆட்டங்கள் இருந்தால் அணிகளின் மொத்த ஆட்டங்கள் சமமாக இராது. அப்போது வெற்றி விகிதமே தீர்மானிக்கும், இந்த எண்ணும் சற்றே நகரும்.

முதல் பாதிப் பட்டம் உறுதியான மறுநாளிலிருந்து தாய் அணிக்கும் தயக்கம் குறைகிறது. செப்டம்பர் இடம் கையில் இருக்கும்போது, சிறந்த இளைஞரை மேல் படிக்கு அனுப்ப யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதல் பாதியை வென்ற பல அணிகள் இரண்டாம் பாதியில் தடுமாறுகின்றன. இரண்டாம் பாதியின் முதல் நாள் எல்லாருடைய கணக்கும் 0-0. ஜூலை டிராஃப்டில் எடுக்கப்பட்ட கல்லூரி வீரர்கள் சில வாரங்களில் கீழ்ப் படிகளுக்கு வந்து சேர்வார்கள். முதல் பாதியில் கடைசியில் கிடந்த அணி ஆகஸ்டில் வேறு ஆட்களோடு மேலே வரலாம். இரண்டு பாதிகளையும் ஒரே அணி வென்றுவிட்டால், பிரிவில் அடுத்த சிறந்த கணக்கு வைத்திருக்கும் அணிக்கு மற்ற இடம் போகும். ஏப்ரலில் ஓசையில்லாமல் 12-8 என்று தொடங்கிய அணிக்கும் அந்தக் கதவு கடைசி வாரம் வரை திறந்தே இருக்கும்.